தூசிப் பக்கம்

பூசணம் பிடித்த வைக்கோலின் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று அறிய, ஆய்வுக்கூடத்தில் எலிகளை இரண்டு கூண்டுகளில் வைத்திருந்தார்கள். ஒரு கூண்டுக்குத் தினமும் தூசி, மற்றதற்கு நல்ல காற்று. மூன்று மாதம் கழித்து அறுத்துப் பார்த்த ஆய்வாளர் ரெஹானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்து நான்கு நுரையீரல்களிலும் ஒரே மாதிரி லேசான வடுக்கள். எலிகளைப் பராமரிக்கும் செங்கோடனைக் கூப்பிட்டாள்.

"கூண்டு மாத்தி விட்டீங்களா அண்ணா?"

அவர் மறைக்கவில்லை. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்துவேனுங்க. எங்க ஊர்ல நெல்லடிக்கிற களத்துல தூசி அடிக்கிற பக்கம் ஒரே ஆளை நிக்க உடமாட்டோமுங்க. முறை வச்சு மாறிக்குவோம். இதுகளும் உசுருதானுங்களே."

மூன்று மாத உழைப்பு வீண். திட்ட வாயெடுத்தவளின் கண்ணில் மூலையிலிருந்த வைக்கோல் மூட்டை பட்டது. தினமும் அதைப் பிரித்து உதறித் தூசி எடுப்பவர் அவர்தான்.

"உதறுற வேலைக்கு உங்களுக்கு மாத்து ஆள் யாருண்ணா?"

செங்கோடன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. காலிக் கூண்டுகளுக்கு நடுவே அது வெகுநேரம் நிற்கவில்லை.