பத்திரமாக இருக்கட்டும்

"அக்கா, இத உள்ள வுட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாதுங்க" என்றார் ஜெராக்ஸ் கடை பச்சியப்பன்.

தெரியும் என்றேன். தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் முதல் அட்டையை வைத்து லேமினேஷன் மெஷினுக்குள் விட்டார். கர்ரென்று இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் பளபளவென்று வெளியே வந்தது.

எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவை என் வீட்டுக்காரர் மாதவராஜின் கிரிக்கெட் அட்டைகள். அவர் இண்டூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பபிள்கம்மோடு இலவசமாக வந்தவை. கம்மை மென்று துப்பிவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்திய பிள்ளை அவர். வளர்ந்த பிறகும் விடவில்லை. பழைய பேப்பர் கடை, பெங்களூர் ஞாயிற்றுச் சந்தை என்று அலைந்து சேர்த்தார்.

இன்றைக்கு அவற்றுக்கு நல்ல விலை. மூலை மழுங்கியிருக்கக் கூடாது, கம் ஒட்டிய கறை இருக்கக் கூடாது, நடுவில் மடிப்பு விழுந்திருக்கக் கூடாது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றையும் பார்ப்பார். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எங்கள் மகள் பூவிழி ஒருமுறை எண்ணெய்க் கையோடு ஆல்பத்தைத் தொட்டுவிட்டாள் என்று ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தார்.

எல்லாவற்றிலும் உசத்தி, பின்பக்கம் அச்சே விழாத ஓர் அட்டை. முன்னால் ஆட்டக்காரர் சிரிக்கிறார். பின்னால் அவர் எடுத்த ரன் விவரம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. அச்சகத்தில் யாரோ தூங்கிவிட்டிருக்கிறார்கள், அந்தத் தூக்கத்துக்குத்தான் விலை. அதையும் மற்றவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ள பெங்களூர்க்காரர் ஒருவர் இன்று ரயிலில் வருகிறார். அவரை அழைத்துவர மாதவராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இந்த நாளுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்தார்.

அவர் தலை மறைந்ததும் நான் பீரோவைத் திறந்தேன். நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொன்னேன். டோக்கன் கொடுக்க, பி.பி. பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே மனசு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு, புதிதாக அட்டை சேர்க்க ஆரம்பித்த யாருக்கோ அவர் போனில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க. அதோட செத்துச்சு. பத்தாவது படிக்கறப்பவே நான் ஒண்ணு பண்ணிப் பாத்தனுங்க. உரிச்சா அச்சு பூரா பிளாஸ்டிக்கோட வந்துருச்சு."

பத்தாவது படிக்கும்போதே.

களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"மிச்சத்தையும் போடுங்க" என்றேன் பச்சியப்பனிடம்.

மட்டையைத் தூக்கி நின்றவர், பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவர், மீசைக்காரர், தொப்பிக்காரர் எல்லோரும் வரிசையாக உள்ளே போய் வழுவழுவென்று வந்து விழுந்தார்கள். தொட்டால் சுட்டது. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் எனக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நின்றேன். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

பின்பக்கம் வெள்ளையான அட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதை மட்டும் நானே மெஷினுக்குள் விட்டேன். பச்சியப்பன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அது வெளியே வரும்போது போன் அடித்தது.

"சசி, பீரோவுல ஆல்பத்தக் காணம். ஆளு வூட்ல வந்து உக்காந்துருக்காரு. எங்க வெச்ச?"

வந்தவருக்காக வரவழைத்த சிரிப்பு அவர் குரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணிட்டனுங்க" என்றேன். "பத்திரமா இருக்கட்டும்னுதான்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

பத்திரமா இருக்கட்டும் என்ற அந்த வார்த்தை என்னுடையதல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்து நான் புறப்பட இருந்தபோது, என் நர்சிங் படிப்பின் ஒரிஜினல் சான்றிதழை அவர் இதே கடையில் லேமினேஷன் செய்து கொண்டுவந்து நீட்டினார். அப்போது அவர் சொன்னது அது.

சான்றிதழின் பின்பக்கத்தில் அரசு முத்திரை விழுந்தால்தான் வெளிநாட்டில் செல்லும். பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது என்று சென்னையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு சான்றிதழ் வாங்குவதற்குள் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விட்டது. என் அம்மா தீர்த்தம்மாள் வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்றாள். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று நான்தான் அவருக்காக அவளோடு சண்டை போட்டேன். அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அட்டைகளை அள்ளிப் பையில் போட்டேன்.

போனை வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் வைக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவே இல்லை.