முந்திரியின் வால்

வளர்ப்புப் பிராணிகளின் போட்டோவைப் பார்த்து கேன்வாஸில் வரைந்து கொடுப்பது என் தொழில். எதை வரைந்தாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பேன். அதன் பிறகே கையெழுத்து. பியூலா அக்கா தன் நாய் முந்திரியின் போட்டோக்கள் நாற்பத்தொன்றை அனுப்பியிருந்தார். ஒன்றிலும் கண் இல்லை. எல்லாவற்றிலும் அது படத்தை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மிஞ்சியது வால் மட்டும்தான்.

“மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணு அனுப்புங்கக்கா.”

“அது நின்னாத்தானே தம்பி? இருக்கிறதை வரைங்க. எங்க முந்திரி அப்படித்தான்.”

வரைந்தேன். பெரிய கேன்வாஸ் முழுக்க வெறும் மொசைக் தரை, வலது ஓரத்தில் சுருண்ட பழுப்பு வால். திறக்கக் கண் இல்லாததால் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அப்படியே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், வால் சமையலறை வாசல் பக்கம் வரும்படி, முந்திரியின் உயரத்துக்கே தாழ்வாக மாட்டினேன்.

முந்திரி வந்து வாலை முகர்ந்தது. பிறகு அந்த நாயின் முகத்தைத் தேடிச் சமையலறைக்குள் பாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. அங்கே யாரும் இல்லையென்று கண்டதும், வாசல் வழியே தலையை மட்டும் வெளியே நீட்டி எங்களைப் பார்த்தது. படத்தில் வால், படம் முடிகிற இடத்தில் அகலத் திறந்த இரண்டு கண்கள்.

“யாரும் அசையாதீங்க” என்றார் அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல். போனை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பையிலிருந்து தூரிகையை எடுத்து, வாலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.