பால் குடித்தவரும் பட்டினி கிடந்தவரும்

“ஐயா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க.”

கந்தப்போடி இறுக்கினார். சற்று முன் சீனித்தம்பி இறுக்கியபோது நின்ற அதே கோட்டில், கைப்பிடி வலுவை அளக்கும் கருவியின் முள் வந்து நின்றது. விதுர்ஷா எண்ணை இரண்டாம் தடவையும் சரிபார்த்தாள்.

சிறுவயதுக் கஷ்டம் முதுமையில் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கென்றே செய்து அனுப்பியது போல இந்த இரட்டையர் கிடைத்திருந்தார்கள். ஆறு வயதில் கந்தப்போடியை, பிள்ளையில்லாத மாமி களுதாவளைக்கு வளர்க்கக் கொண்டுபோனாள். கண்ணுக்கெட்டிய வயல்வட்டை எல்லாம் அவளுடையது. வாவியில் தண்ணீரைவிட அவள் வீட்டில் பால் அதிகம் என்பார்கள். சீனித்தம்பி ஆரையம்பதியில் தகப்பனின் குடிசையிலேயே கிடந்தார். வலையில் மீன் விழாத நாளில் அங்கே அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் மட்டும் பிள்ளைகள் சந்தித்துக்கொண்டார்கள்.

ஆகவே பால் குடித்தவர் தேக்காகவும், பட்டினி கிடந்தவர் முருங்கைக் கொப்பாகவும் இருக்க வேண்டும். பேராசிரியருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். இவர்கள் பொய்த்தால் மூன்று வருட உழைப்பும் வாவியோடு போய்விடும்.

இருவரும் தேக்காக இருந்தார்கள். பிரஷர் ஒன்றே, முழங்கால் வலி ஒன்றே, விழுந்த பல்கூட ஒன்றே. கந்தப்போடியின் வெள்ளைச் சேட்டும் கைக்கடிகாரமும் இல்லாவிட்டால் யார் எவர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இருவரும் கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரே மாதிரி முகட்டைப் பார்த்தார்கள்.

கடைசி நம்பிக்கையாக, சின்ன வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

“சாப்பாடா? பசியில குடல் காஞ்சு கருவாடாக் கிடந்தது, மகள்,” என்றார் கந்தப்போடி.

“ஏடு படிஞ்ச பாலைக் கண்டா எனக்கு இப்பவும் குமட்டும்,” என்றார் சீனித்தம்பி.

ஞாபகமறதியும் இருவருக்கும் சமம் என்று குறித்துக்கொண்டு விதுர்ஷா எழும்பினாள். சீனித்தம்பியின் வீட்டுப் படலையைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோதுதான் குடையின் நினைவு வந்தது. திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கந்தப்போடி சேட்டைக் கழற்றிச் சீனித்தம்பியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வாற வெள்ளி வரைக்கும் நீதான் கந்தப்போடி. களுதாவளை பஸ்ஸைப் பிடி.”

“மாமிட காலத்தில பாலுக்காக ஓடி ஓடிப் போனன்,” என்று முனகியபடி சேட்டை மாட்டினார் சீனித்தம்பி. “எழுவது வருசமா வெள்ளிக்கு வெள்ளி மாறுறம். இப்ப அங்க சமைக்கிறவங்க பிரஷருக்கெண்டு உப்பில்லாக் கஞ்சிதானே தாறாங்க.”