அதிதி பார்த்த கேமராக்கள்

ஆஸ்டின் டவுன் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில், “ஒளிப்பதிவு படிக்க ரெண்டாவதா பாத்த காலேஜே போதும்மா,” என்றாள் அதிதி.

அங்கே கட்டணம் முதலில் பார்த்த கல்லூரியில் பாதிதான். பாகீரதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்காக விட்டுக்குடுக்காதே. அப்பா லோனுக்குப் பேசியாச்சு.”

“உங்களுக்காக இல்லம்மா. மொதல் காலேஜ்ல கேமராவெல்லாம் எப்படி இருந்தது?”

“கண்ணாடி பீரோவுல புத்தம் புதுசா, பளபளன்னு.”

“வாங்கி நாலு வருஷமாச்சாம். ஸ்டூடண்ட்ஸ் கையில குடுத்திருந்தா ஒரு கீறலாவது விழுந்திருக்காதா? அது காலேஜ் இல்ல, ஷோரூம். ரெண்டாவது காலேஜ்ல கேமராவைப் பிடிக்கிற எடமே தேஞ்சுபோயிருக்கு.”

மகள் தங்களுக்காகத் தியாகம் செய்கிறாள் என்று உருகிக்கொண்டிருந்த பாகீரதி, அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் அவளை நல்ல பெண் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். கெட்டிக்காரி என்பது இன்றுதான் தெரிந்தது.