அபூ யஸான் வீட்டுக் காப்பி

காப்பி வந்துவிட்டது. யாரும் தொடவில்லை.

பெண் கேட்டு வந்த வீட்டில் தொடவும் கூடாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பெண்ணைக் கேட்பார். பெண்ணைப் பெற்றவர் "காப்பியைக் குடிங்க" என்று சொன்னால் கல்யாணம். சொல்லாவிட்டால், குடிக்காமலே எழுந்து போக வேண்டியதுதான். அந்த அவமானம் இருட்டுவதற்குள் இர்பித் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

மர்வானின் மகன் சினானுக்காக, மர்வானின் பெரியப்பா அழகாகவே கேட்டு முடித்து உட்கார்ந்தார்.

பெண்ணின் அப்பா அபூ யஸான் வாயைத் திறக்கவில்லை.

அவர் மர்வானையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

மர்வானுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். கல்லூரிக் காலத்தில் தன்னுடைய இசைக்குழுவில் தர்புகா மேளம் தட்டிய தைசீரின் முகம். பாட்டு முடிந்த பிறகும் தட்டிக்கொண்டிருப்பார்.

அபூ யஸான்தான் தைசீர் என்பது சற்று முன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மர்வானுக்குத் தெரிந்தது.

சம்பந்தம் பேசியதெல்லாம் மனைவி. தோஹாவில் வேலை பார்த்த மர்வானிடம் போனில் அவள் மாதக்கணக்கில் சொன்னது, அபூ யஸான் தங்கமானவர், உம்மு யஸான் அதற்கும் மேலே என்பதுதான். மூத்த பிள்ளை பிறந்த பிறகு ஜோர்டானில் சொந்தப் பேரை யார் சொல்கிறார்கள்? யஸானின் அப்பா, யஸானின் அம்மா. அதோடு முடிந்தது. குடும்பப் பேரோ, பாதி இர்பித்துக்கு உள்ள பேர்.

உம்மு யஸான் யார் என்பதும் அதே வாசலில்தான் தெரிந்தது. உள்ளறையில் பெண்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நொடி திரும்பினாள்.

சல்வா.

அந்த இசைக்குழுவில் நான்கு பேர், மூன்று வாத்தியங்கள். நான்காமவனிடம் கார் இருந்தது. அதனால் அவன்தான் பாடகன். பாட்டுகள் எல்லாம் மர்வான் எழுதியவை. ஒலிவ மரம் வராத பாட்டைப் பாட்டென்றே யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. மர்வான் தாராளமாக நட்டுத் தள்ளினார்.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் மரம் வரவில்லை. சல்வா வந்தாள். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை பின்னால் திரும்பாத சல்வா. இரண்டு சரணம், வரிக்கு வரி அவள் பேர்.

அதை அவர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாடிக் காட்டினார். தைசீருக்கு. மேடையில் பாடித் தொலைக்காதே, அவளுக்கு அண்ணன்கள் இருக்கிறார்கள், எல்லாம் கசாப்புக் கடை என்று தைசீர்தான் எச்சரித்தார். மர்வான் பாட்டை விட்டார், பிறகு கித்தாரை விட்டார், பிறகு ஊரையே விட்டு விமானம் ஏறினார்.

இப்போது, தன் பெண்டாட்டியைப் பாட்டில் வைத்துப் பாடியவன் பெண் கேட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். எந்தப் புருஷன் காப்பியைக் குடி என்பான்?

மர்வான் மகனைப் பார்த்தார். சினான் பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒழுங்காகத் தலை வாரியிருந்தான். ஆறிக்கொண்டிருந்த காப்பியையே பார்த்தபடி இருந்தான். கண் கலங்க ஆரம்பித்திருந்தது.

போயும் போயும் அந்த ஒரு பாட்டிலாவது மரத்தை நட்டிருக்கக் கூடாதா என்று மர்வான் தன்னைத் தானே சபித்துக்கொண்டார்.

தைசீர் எழுந்தார்.

அவர் நேராக மர்வானிடம் வந்து, கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, இறுகக் கட்டிக்கொண்டார். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுகிற சாக்கில் காதில் சொன்னார்.

"டேய் மர்வான். அந்தப் பாட்டை நான் எழுதினேன்னு சொல்லித்தாண்டா அவளக் கட்டினேன். இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டிருக்கா. என்னைக் காட்டிக் குடுத்துடாதே."

அவர் நெஞ்சு படபடப்பது மர்வானின் நெஞ்சில் கேட்டது. தாளம் இன்னும் சரியாகவில்லை.

"எந்தப் பாட்டு, அபூ யஸான்?" என்றார் மர்வான்.

தைசீர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். ஒரு தடவை சொன்னால் போதும், அவர் மூன்று தடவை சொன்னார். "குடிங்க. காப்பியைக் குடிங்க. குடிங்கப்பா."

இப்படி ஆசையாகப் பெண் கொடுத்த மனிதரைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சினான் சூடு இல்லாத காப்பியில் நாக்கைச் சுட்டுக்கொண்டவன் போல முழித்தான்.

உள்ளே குலவை எழுந்தது. பிறகு பாட்டு. சல்வாதான் எடுத்துக் கொடுத்தாள். தன் பேர் வருகிற இடத்திலெல்லாம் மகள் பேரைப் போட்டுப் பாடினாள், மற்ற பெண்கள் கை தட்டினார்கள்.

முதல் சரணம் மர்வானுடையது. இரண்டாவதும். இவ்வளவு சுமாராகவா எழுதினோம் என்று கூசியது.

மூன்றாவதும் ஒன்று வந்தது.

'உன் அண்ணன்கள் கதவைச் சாத்தட்டும், நான் வாசலில் இருக்கிறேன். ஊரே போய்விட்டாலும் திரும்பிப் பார், நான் வாசலில் இருக்கிறேன்.'

மர்வான், பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தைசீரின் பக்கம் மெல்லச் சாய்ந்தார். "இது யாருடா எழுதினது?"

"அது..." தைசீர் தரையைப் பார்த்தார். காது சிவந்தது. "அது மட்டும் நான்."

மர்வான் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். தான் எழுதிய பாட்டிலேயே அதுதான் நல்ல சரணம்.