நான்காம் கவுன்டர்

“அம்மா, அங்க மட்டும் போகாத. அந்த ஆளு பாத்தே மனுஷனக் கொன்னுடுவான்.”

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கேட்கவில்லை. பல்கலைக்கழக அலுவலகத்தின் முதல் மூன்று கவுன்டர்களிலும் வரிசை வாசலைத் தாண்டி, படியிறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் முடிந்தது. நான்காவதில் மூன்றே பேர்.

காரணம் இல்லாமல் இல்லை. நான்காவதில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு அந்த வளாகம் முழுக்கப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட லென்ஸை வைத்துப் பார்த்து, போலி என்று விட்டெறிந்துவிடுவார். அன்று காலையிலிருந்து பதினொரு பேர் அழுதுகொண்டே வெளியேறியிருந்தார்கள்.

“கூட்டம் இல்ல, வாடி” என்றாள் அம்மா.

“ஏன் இல்லன்னு யோசிச்சியா? சுடுகாட்டுலயும்தான் கூட்டம் இல்ல.”

பெற்றோரில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் மூன்று வருடத்துக்கும் கட்டணம் கிடையாது. விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணி வரை. சலுகை கிடைத்தால் மகளுக்கு வகுப்பறை. கிடைக்காவிட்டால் அம்மாவின் தையல் கடையில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது மிஷின்.

அப்பா ஐந்தாவதோடு நின்றவர், அவரால் தொல்லை இல்லை. தொல்லை அம்மாதான். போன வாரம் அலமாரியைக் குடைந்தபோது இதே பல்கலைக்கழகத்தின் பழைய அடையாள அட்டை ஒன்று கிடைத்தது. அதில் இரட்டைப் பின்னலோடு அம்மா முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் படித்தாளாம், பட்டம் மட்டும் வாங்கவில்லையாம். ஏன் என்று கேட்டால், “அது ஒரு கத” என்று சொல்லிவிட்டுப் பட்டன் தைக்கப் போய்விடுவாள். அதோடு விட்டாளா? விண்ணப்பத்திலும் அதை எழுதித் தொலைத்திருந்தாள்.

“எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?”

“உண்மையத்தானடி எழுதியிருக்கேன்.”

“நாளைக்கு சட்டை ரெடின்னு தினமும் நாலு பேருகிட்டப் புளுகுற. இங்க வந்து மட்டும் அரிச்சந்திரன் பரம்பரையா?”

பூதக்கண்ணாடி முதல் இரண்டு பேரைத் துரத்த ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாமவரின் மனைவியும் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர்.

“பாதியில விட்டாங்கன்னு நீங்க சொன்னாப் போதுமா? பழைய ரிஜிஸ்டரப் பாக்கணும். நாப்பது வருஷத்து ரிஜிஸ்டர் மலையாக் கெடக்கு. தேட ஏழு நாள் ஆகும்.”

“சார், இன்னைக்குத்தான் கடைசி நாள்!”

“அது உங்களுக்கு. ரிஜிஸ்டருக்கு இல்ல.”

அம்மா விண்ணப்பத்தை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாள்.

பூதக்கண்ணாடி பெயரைப் படித்தார். நிமிர்ந்தார். உடனே குனிந்துகொண்டார். எந்த வருடம், என்ன பாடம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனவர் ஒரே நிமிடத்தில் தடித்த ரிஜிஸ்டர் ஒன்றோடு திரும்பி வந்து, அதை நடுவில் விரித்து வைத்தார்.

பின்னால் வந்து நின்றிருந்த ஓர் ஆசாமி ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டி, தலைகீழாகத் தெரிந்ததைச் சத்தமாகவே படித்தார். “கடைசித் தேர்வில் விடைத்தாள் கைமாறியது. மாணவி நீக்கம். அடேங்கப்பா!”

ஹாலே திரும்பிப் பார்த்தது. “அம்மா பிட்டு பார்ட்டி போல” என்று யாரோ சொல்ல, சிரிப்பு மூன்று வரிசைகளுக்கும் பரவியது. தரை பிளந்திருந்தால் மகள் முதல் ஆளாகக் குதித்திருப்பாள். அம்மா அசையவில்லை. அளவெடுக்கிற மாதிரி பூதக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பட்டம் வாங்கலதானே?”

“வாங்கல” என்றார் அவர், ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே.

“அப்ப அத எழுதிக் குடுங்க.”

அவர் லென்ஸைத் தொடவே இல்லை. எழுதினார், சீல் குத்தினார், சரியாக விழவில்லையென்று மறுபடி குத்தினார். தாளை வெளியே நீட்டிய கையோடு ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்று வருடக் கட்டணம் அந்த ஒரு தாளில் ரத்தாகிவிட்டது. ஆனாலும் படியிறங்கும்போது மகளின் முகம் உம்மென்றுதான் இருந்தது.

“காப்பியடிச்சு மாட்டுனவளா நீ? இத்தன நாளா எனக்கு ஒழுக்கத்தப் பத்திப் பாடம் வேற!”

“நான் எங்கடி அடிச்சேன்? எழுதி முடிச்ச தாள மேசை ஓரத்துல வச்சிருந்தேன். பின்னாடி இருந்தவன் உருவிட்டான். மாட்டுனதும், ‘அவளேதான் சார் நீட்டுனா’ன்னு ஓன்னு அழுதான். பாவம் பையன்னு அவன விட்டுட்டாங்க. என்னத் தொரத்திட்டாங்க.”

“அவன் நாசமாப் போக! அப்புறம் என்ன ஆனான்?”

“என்ன ஆவான்? பாஸ் பண்ணான். நிரந்தர வேலை, சொந்த வீடு, ரிட்டயரானா பென்ஷன்.”

“எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

அம்மா தாளைத் தூக்கிப் பிடித்து, ஈரம் காயாத மையை ஊதினாள்.

“இப்ப சீல் குத்திக் குடுத்தானே, அவன்தான்.”