ஒரு கீபோர்டு, இரண்டு கம்ப்யூட்டர்

கழுத்து கடுத்தது. நாள் பூராவும் சிமெண்டு மூட்டை சுமந்தவன் கழுத்து போல.

வலி பொய்யில்லை. படுக்கப் போகிறேன் என்றதுதான் பொய்.

"கழுத்து வலி, கொஞ்சம் படுக்கறேன். அரை மணி நேரம் எனக்கு வர்ற கஸ்டமரையும் பாத்துக்குங்கண்ணே" என்று வீட்டிலிருந்தே ஆபீஸ் லேப்டாப்பில் டீம் லீடர் குழந்தைவேலுக்கு எழுதினான். பதினைந்து வயது மூத்தவர்.

"படு கண்ணு. நான் இருக்கேன்."

படுக்கவில்லை.

மேசையில் ஒரே திரை, ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். ஆபீஸ் லேப்டாப்புக்கும் அவைதான், அவன் வாங்கிப் போட்ட கேம் கம்ப்யூட்டருக்கும் அவைதான். திரையை மாற்ற அதன் அடியில் ஒரு பொத்தான். கீபோர்டையும் மவுசையும் மாற்றத் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. மூன்றையும் ஒரே அமுக்கில் மாற்றுகிற பெட்டி விலை கூட. இது திரையைத் தொடாது.

இரண்டையும் அமுக்கினான். ஆபீஸ் போனது, ஆட்டம் வந்தது. பள்ளிக்கூடச் சிநேகிதன் சபரி அங்கே துப்பாக்கியோடு காத்திருந்தான்.

பத்து நிமிஷம் போயிருக்கும். லேப்டாப் டிங் என்றது. மறுபடி இரண்டையும் அமுக்கினான்.

"தூங்கறதுக்குள்ள அந்தத் திருச்சி கஸ்டமர் நம்பர் மட்டும் குடுத்துரு கண்ணு."

கொடுத்தான். திரையை ஆட்டத்துக்கு மாற்றினான்.

சபரி குண்டடி பட்டுக் கிடந்தான். உயிர்க்கோடு தேய்ந்துகொண்டிருந்தது. தூக்கிவிட ஓடினால் இவனும் காலி.

வாயால் சொல்ல முடியாது, டைப்தான் அடிக்க வேண்டும். அடுத்த அறையில் அம்மா. ஆபீஸ் நேரத்தில் என்ன கூத்து என்பாள்.

அடித்தான்.

"நீ இனி பொழைக்க மாட்டே. சீக்கிரம் செத்துரு. உன்னுதை நான் எடுத்துக்கறேன்."

ஆட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான். செத்தவன் தோட்டா இருக்கிறவனுக்கு.

எண்டர்.

திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

பெட்டியைப் பார்த்தான்.

அதை அமுக்கவே இல்லை. கீபோர்டு இன்னும் ஆபீசில்.

திரையை மாற்றினான். திருச்சி நம்பருக்குக் கீழே, குழந்தைவேலுக்குப் போயிருந்தது அந்த மூன்று வரி.

அழிக்கப் போனான். அதற்குள் பார்த்துவிட்டார்.

அவர் டைப் அடிப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடி ஆடின.

"ஆஸ்பத்திரி டெஸ்ட் ரிப்போர்ட் விஷயம் உனக்கு யார் சொன்னா? வீட்ல கூட நான் இன்னும் சொல்லலை."

அந்த வரியை மறுபடி படித்தான்.

"எடுத்துக்க கண்ணு. எனக்கப்புறம் லீடர் சீட்டுக்கு உன் பேரைத்தான் நேத்தே குடுத்திருக்கேன். அதுக்கு இப்படியா கேக்கறது?"

'அண்ணே, அது உங்களுக்கு இல்ல' என்று அடித்தான். எண்டரைத் தட்டவில்லை.

பிறகு யாருக்கு?

யாருக்கு என்று சொன்னால் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்த உடம்போடு அவர் இவன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தபோது, இவன் இங்கே சுட்டுக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால், அந்த வார்த்தை அவருக்கே.

அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தான்.

"கண்ணு, இருக்கியா?"

அவருக்கு ஒரு பதில் பாக்கி.